சுவையும் விலையும் பெறுமதியும்

(மூன்றாம் வருடம், கலைப்பீடம்)

ஒரு பொருளைச் சுவைத்து 'இது நல்லது' என்று கூறும்போது நாம் எதனைப் பற்றிக் கூறுகின்றோம்? அப்பொருளைப் பற்றியா, நமது நாவைப் பற்றியா, அன்றி அதனை நமக்கு அளித்தவரைப் பற்றியா? மெய்யியலாளர் நெடுங்காலமாக எழுப்பிவரும் இவ்வினா, சென்ற விடுமுறையின்போது ஒரு கோப்பைத் தேநீராக என் கையிலே வந்து சேர்ந்தது. அந்நிகழ்ச்சியை முதலிற் கூறி, அதன்வழி எழும் சில கருத்துக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விடுதியில் என்னுடன் தங்கிக் கற்கும் தோழி ஒருத்தி ஹற்றன் பகுதித் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். அவளுடைய தாயார் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கொழுந்து பறிப்பவர். அவர்களது லயத்து வீட்டிற்கு நான் விருந்தினளாகச் சென்றிருந்தேன். வயலையும் கொட்டியாரக் குடாவின் கடற்காற்றையும் அன்றி வேறறியாது தோப்பூரில் வளர்ந்த எனக்கு அம்மலைக்குளிர் புதிது. நடுங்கிக்கொண்டிருந்த என் கையில் தாயார் தேநீர்க் கோப்பையைத் தந்து, நான் ஒரு மிடறு அருந்தும்வரை காத்திருந்து, "எப்படி இருக்கு பாப்பா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு அம்மா" என்றேன்.

அவர் சிரித்தார். "சும்மா சொல்லாத பாப்பா. இது கழிச்ச தூளு. நல்ல தேயிலை எப்படின்னு எங்க விரலுக்குத் தெரியும், நாக்குக்குத் தெரியாது."

அத்தேநீர் உண்மையிற் சிறந்ததன்று. நிறம் மங்கியிருந்தது, நாவில் எவ்விதத் துடிப்பும் எழவில்லை, காம்பையும் நாரையும் ஊறவைத்த வாடையே மிகுந்திருந்தது. இதனை அறிந்தே நான் நன்று என்றேன். நான் கூறியது பொய்யா, பண்பா, அல்லது உண்மைதானா? அன்றிரவு உறக்கம் வரும்வரை இவ்வினா என்னை விட்டகலவில்லை.

இவ்வினாவிற்கு எளிதான விடை ஒன்று உண்டு. சுவை ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆதலால் அதில் உண்மை, பொய் என்ற பேச்சிற்கே இடமில்லை என்பதே அவ்விடை. ஜேர்மன் மெய்யியலாளரான கான்ட் 1790 இல் வெளியிட்ட தமது நூலில் இதனை நுட்பமாக வகுத்துரைத்தார். ஒரு பொருளை அழகியது என்போர் பிறரும் அதனை ஒப்புதல் வேண்டும் என எதிர்பார்க்கின்றனர். நாவிற்கு இனியது என்போரோ 'எனக்கு இனியது' என்பதற்கு மேல் எதுவும் கோர இயலாது. உணவும் பானமும் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தன என்பது அவர் கொள்கை.

கான்ட் கூறியது முற்றிலும் சரியாயின் தோழியின் தாயார் என்னைத் திருத்தியிருக்க முடியாது. என் நாவின் நிகழ்ச்சியை அவர் எவ்வாறு அறிவார்? ஆயினும் அவர் திருத்தினார். நானும் திருத்தப்பட்டதை உணர்ந்தேன். ஆகவே நாங்கள் இருவரும், சொல்லாமலே, தேநீருக்கென ஓர் உண்மை உண்டு என்பதை ஏற்றிருந்தோம்.

அவ்வுண்மை எத்தகையது? கான்டிற்கு முன்னரே, 1757 இல், ஸ்கொத்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் சுவையின் அளவுகோல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 'டொன் கிஹோத்தே' நாவலிலே வரும் கதையொன்றை அவர் அதில் எடுத்தாள்கிறார். ஒரு பீப்பாத் திராட்சை மதுவைச் சுவைத்துக் கருத்துக் கூறுமாறு இருவர் கேட்கப்பட்டனர். மது நல்லதே, ஆனால் சிறிது தோல்வாடை உண்டு என்றார் ஒருவர். நல்லதே, ஆனால் சிறிது இரும்பு வாடை உண்டு என்றார் மற்றவர். கூடியிருந்தோர் இருவரையும் எள்ளி நகைத்தனர். பீப்பா காலியானபோது அதன் அடியிலே தோல்வாரிற் கட்டிய பழைய திறவுகோல் ஒன்று கிடந்தது! நுண்ணிய புலன், நீண்ட பயிற்சி, பலவற்றை ஒப்பிட்ட அனுபவம், விருப்பு வெறுப்பின்மை, நல்லறிவு ஆகியவை வாய்ந்தோரின் ஒருமித்த தீர்ப்பே அளவுகோல் என்பது ஹியூம் கண்ட முடிபு.

கதையில் திறவுகோல் அகப்பட்டது. வாழ்க்கையில் அது எப்போதும் அகப்படுவதில்லை. அவ்வாறாயின் ஒருவர் மெய்யாகவே சுவை வேறுபாட்டை அறிகிறாரா என்பதை எவ்வாறு சோதிப்பது? இதற்கு வழிகாட்டிய சோதனையும் தேநீரிலேயே பிறந்தது என்பது வியப்பிற்குரியது. இங்கிலாந்தின் றொதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்திலே பணியாற்றிய மியூரியல் பிறிஸ்டல் என்னும் பெண்மணி, கோப்பையில் முதலில் ஊற்றப்பட்டது பாலா தேநீரா என்பதைச் சுவைத்தே கூற வல்லேன் என்றார். அங்கிருந்த புள்ளிவிபரவியலாளர் றொனால்ட் பிஷர் இதனை வெறும் பேச்சென ஒதுக்கவில்லை. ஒவ்வொரு விதத்திலும் நான்காக எட்டுக் கோப்பைகளை வரிசை கலைத்து வைத்தால், வெறும் ஊகத்தினால் அனைத்தையும் சரியாகக் கூறும் வாய்ப்பு 70 இல் 1 மட்டுமே எனக் கணித்தார். 1935 இல் வெளியான அவரது பரிசோதனை வடிவமைப்பு நூலில் இச்சோதனை இடம்பெற்று, புள்ளிவிபரவியல் மாணவர் யாவரும் கற்கும் பாடமாயிற்று. 'எனக்குத் தெரியும்' என்பவரை நம்பவும் வேண்டியதில்லை, நகைக்கவும் வேண்டியதில்லை. பெயரை மறைத்துக் கோப்பையை முன்வைத்தாற் போதும் என்பதே இதன் சாரம்.

நமது நாட்டிலே இவ்வறிவு ஒரு தொழிலாகவே வளர்ந்துள்ளது. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். 1883 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆந் திகதி கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. அன்று தொட்டு, ஏலத்திற்கு வரும் தேயிலைக்குச் சுவைஞரின் நாவே முதல் நீதிமன்றமாக இருந்து வருகிறது. அவர்களது மேசையிலே வெண்ணிறக் கோப்பைகள் நீண்ட வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். 1980 இல் வகுக்கப்பட்ட சர்வதேச நியமத்தின்படி 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை இட்டு 6 நிமிடங்கள் ஊறவிடல் வேண்டும். உலர்ந்த இலை, ஊறிய இலை, வடிந்த சாயம் ஆகிய மூன்றையும் பார்த்தும் முகர்ந்தும் ஆராய்ந்தபின், சுவைஞர் ஒரு கரண்டிச் சாயத்தைக் காற்றோடு சேர்த்து ஓசையெழ உறிஞ்சி, நாவெங்கும் பரவவிட்டு, உமிழ்ந்துவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்வார். அவர் அருந்துவதில்லை; தாகம் தீர்ப்பதும் அவர் நோக்கமன்று.

இத்தீர்ப்பிற்குப் பொருளிலே ஆதாரம் உண்டா? உண்டு. தேயிலையின் ஒளிர்வுக்கும் நாவிலே அது எழுப்பும் துடிப்பிற்கும் தீயாபிளேவின் எனப்படும் சேர்வைகள் பெரிதும் காரணமாகின்றன. அவற்றின் அளவு கூடக்கூடச் சுவைஞர் இட்ட மதிப்பும் கூடிச் சென்றதை, மத்திய ஆபிரிக்கத் தேயிலைகள் பற்றி 1972 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஊவாத் தேயிலையின் தனி நறுமணத்திலோ மெதைல் சலிசிலேற்று என்னும் வேறொரு சேர்வைக்குப் பெரும் பங்குண்டு. உடல்வலிக்குப் பூசும் தைலங்களிலே நாம் முகர்வதும் இதனையே. ஆடி, ஆவணி மாதங்களிலே தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைப் பொழிந்துவிட்டு வறண்ட காற்றாகக் கிழக்கே இறங்குகின்றது. அவ்வறட்சியில் ஊவாவின் செடிகள் தளிர்ப்பைக் குறைத்து நறுமணத்தைச் செறிக்கின்றன. அதே காற்றைத்தான் எங்கள் ஊரில் கச்சான் என்போம். தோப்பூர் முற்றத்தில் புழுதி கிளப்பி எங்கள் உதடுகளை வெடிக்கச் செய்யும் காற்று, மலைக்கு அப்பால் ஒரு தேயிலைக்கு உயர்விலை தேடித் தருகின்றது என்பதை அறிந்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, சிந்தனையும் வந்தது.

எனவே சுவைத்து மதிப்பிடுதல் வெறும் மனப்போக்கன்று. பயின்ற நாவினால் பொருளைப் படித்தலாகும். தோழியின் இல்லத்துத் தேநீர் தரங்குறைந்தது என்பது ஓர் உண்மை. நான் அதனை மறைத்தேன்.

ஆயின் அத்துடன் ஆராய்ச்சியை முடிக்க இயலாது. ஏனெனில், நாவை மயக்குவன பல உள. அவற்றுள் முதலாவது பெயர். விடுதிக்கு வந்த புதிதில், எங்கள் வீட்டிலே குடிப்பது 'டஸ்ட்' தேயிலை என்று கூற நான் வெட்கியதுண்டு. டஸ்ட் என்றாற் கூட்டிப் பெருக்கிய தூசி என்றே எண்ணியிருந்தேன். பின்னரே அறிந்தேன்: பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்பன சல்லடையிற் பிரிந்த துணிக்கைகளின் பருமனையும் தோற்றத்தையும் குறிப்பன. சுவையின் உயர்வு தாழ்வைக் குறிப்பன அல்ல. நன்கு ஆக்கப்பட்ட டஸ்ட், குறைபாடுடைய பெரிய இலைத் தேயிலையைவிடக் கூடுதல் விலை பெறுவதும் உண்டு. நான் வெட்கியது ஒரு சொல்லுக்காக மட்டுமே. உம்மா எனக்குத் தந்த தேத்தண்ணியை நான் சுவைக்கவேயில்லை. அதன் பெயரைச் சுவைத்திருந்தேன்.

இரண்டாவது மயக்கம் விலை. 2008 இல் அமெரிக்காவிலே வெளியான ஆய்வொன்றில், ஒரே மதுவை 10 டொலர் என்று கூறியும் 90 டொலர் என்று கூறியும் தனித்தனியே கொடுத்தனர். விலை கூடியது என்று நம்பிச் சுவைத்தபோதே அது இனிது என்றனர் பங்குபற்றியோர். மூளையின் இன்ப உணர்வோடு தொடர்புடைய பகுதியும் அப்போது கூடுதலாகத் தொழிற்பட்டது. அவர்கள் பொய் கூறவில்லை. விலை அவர்களது நாவிற்குள்ளேயே புகுந்துவிட்டது.

விலையின் தனியாட்சிக்கு அமெரிக்கரின் பேர்பன் விஸ்கி நல்லதோர் எடுத்துக்காட்டு. மது எனது மார்க்கத்தில் விலக்கப்பட்டது. ஆதலால் அதன் சுவை பற்றி நான் ஒன்றும் கூறேன். விலை பற்றிக் கூறத் தடையில்லை. குறைந்தது 51 வீதம் சோளம் சேர்ந்த தானியக் கலவையிலிருந்து வடித்து, உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் மரக் கலங்களிலே வைத்திருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அம்மரமே அதற்கு நிறத்தையும் மணத்தின் பெரும்பகுதியையும் ஊட்டுகின்றது. ஆண்டு பல கழிந்த சில வகைகள் அருகியே கிடைக்கின்றன. பப்பி வான் விங்கிள் என்ற பெயர் தாங்கிய போத்தல்கள், ஆக்கியோர் குறித்த விலையைப் போலப் பன்மடங்கிற்குக் கைமாறுகின்றன. அவற்றுள் திறக்கப்படாமலே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் செல்வனவும் உண்டு. திறவாத போத்தலின் மதிப்பை எந்த நாவு தீர்மானித்தது? இங்கே சுவைக்காகத் தோன்றிய விலை சுவையைக் கைவிட்டுத் தனியே நடக்கத் தொடங்கிவிட்டது. தேயிலை இவ்வகையிற் பேறு பெற்றது. அது நாட்பட நாட்பட மணமிழப்பதால் பூட்டி வைத்துப் பெருமை கொள்ள ஏலாது.

சுவையும் விலையும் வேறு என்பது தெளிவாயிற்று. மூன்றாவதாகப் பெறுமதி என ஒன்று உண்டா? இங்குதான் என் உம்மும்மாவை நினைத்துக்கொள்கிறேன்.

2006 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மூதூர்ப் பிரதேசத்தில் மூண்ட போரினால் மூதூர், தோப்பூர் மக்கள் பெருந்தொகையாகக் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தனர். எனக்கு அப்போது மூன்று வயது. எதுவும் நினைவில் இல்லை. உம்மும்மா சொல்லக் கேட்டதே என் அறிவு. உடுத்த உடையுடன் நடந்து, தஞ்சமடைந்த இடத்தை அடைந்தபோது, முன்பின் அறியாத ஒருவர் தகரக் குவளையிலே வெறுந்தேத்தண்ணியும் உள்ளங்கையிலே கொஞ்சம் சீனியும் தந்தாராம். "எத்தனை தேத்தண்ணி குடிச்சாலும் கந்தளாயில குடிச்ச அந்தத் தேத்தண்ணிக்கு ஈடாகாது புள்ள" என்று இன்றும் கூறுவார்.

அத்தேநீரைச் சுவைஞர் ஒருவர் மேசையில் வைத்தால் அவர் யாது கூறுவார்? பெரிய பாத்திரத்திலே நெடுநேரம் கொதித்த சாயம், கசப்பு, மணமில்லை என்பார். அவர் கூற்றும் மெய். உம்மும்மா கூற்றும் மெய். இரண்டும் மோதவில்லை, ஏனெனில் இருவரும் ஒரே வினாவிற்கு விடை கூறவில்லை. சுவைஞர் குவளைக்குள் இருந்ததைப் பற்றிக் கூறுகிறார். உம்மும்மா குவளையை நீட்டிய கையைப் பற்றிக் கூறுகிறார். உம்மும்மாவின் தீர்ப்பைத் தேயிலையின் தரமென்று கொண்டாற் பொய்யாகும்; சுவைஞரின் தீர்ப்பை அத்தேநீரின் முழுப் பெறுமதி என்று கொண்டாலும் பொய்யே ஆகும்.

தீர்ப்பு வழங்குதல் தவறன்று. ஒன்றைப் பற்றிய தீர்ப்பை மற்றொன்றின் தீர்ப்பாக நீட்டுதலே தவறு. நமது தேயிலையின் வரலாற்றில் இத்தவறு ஒழுக்கக்கேடாகவே வளர்ந்தது. ஒரு கிலோ தேயிலையை ஆக்க ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். இரண்டிலையும் ஒரு மொட்டுமாக அதனைத் தேர்ந்து கொய்யும் விரலே சுவையின் முதற் காரணம். முதிர்ந்த இலையும் காம்பும் கூடையில் விழுந்துவிட்டாற் பின்னர் எந்த இயந்திரத்தாலும் அதனைத் திருத்த இயலாது. கோப்பையைப் பற்றி இத்துணை நுண்மையாகத் தீர்ப்புக் கூறக் கற்ற இந்நாடு, அக்கையைப் பற்றி என்ன தீர்ப்புக் கூறிற்று? 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலானோரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964 இல் இரு அரசுகள் அவர்களைத் தொகை பேசிப் பங்கிட்டன. எஞ்சியோரின் குடியுரிமைக்கு 2003 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்னும் கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021 இலேயே வர்த்தமானியில் ஏறிற்று. ஏலத்திலே தேயிலைக்குக் கிடைத்த விலையைக் கொண்டே அதனைப் பறித்தவருக்குத் தரக்கூடியது எவ்வளவு என்று வாதிடப்பட்டு வந்தது. கோப்பையின் விலை மனிதரின் பெறுமதியாக நீட்டப்பட்டது இவ்வாறே.

இதற்கு மறுதலையான தவறும் உண்டு. அதனைச் செய்தவள் நான். தாயாரின் உழைப்பு உயர்ந்தது, ஆதலால் அவர் தந்த தேநீரும் சுவையானது என்று கூறி அவரை மதித்ததாக எண்ணிக்கொண்டேன். உண்மையில் நான் அவரை அறியாதவராகக் கருதினேன். இனிய சொல்லொன்றைக் கொடுத்தாற் போதும் என நினைத்தேன். அவரோ என்னைவிட அறிந்தவர். கழித்த தூளைக் கழித்த தூள் என்றே கூறும் நேர்மை அவரிடம் இருந்தது. ஒருவரை மதித்தல் என்பது அவர் தந்ததைப் புகழ்தலன்று. அவரையும் தீர்ப்புக் கூற வல்லவராக ஏற்றலாகும். கேள்வி என்னும் அதிகாரத்தின் இறுதியிலே, செவியால் நுகரும் சுவையை அறியாது நாவின் சுவையோடு நின்றுவிடுவோரை வள்ளுவர் கடிந்துரைப்பதன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கிற்று. அவருடைய தேநீரைச் சுவைத்த நான் அவருடைய சொல்லைக் கேட்கவில்லை.

திரும்பி வந்தபின், தோழியும் நானும் பணம் சேர்த்து, பருவகாலத்து ஊவாத் தேயிலையில் 100 கிராம் பொதி ஒன்றை வாங்கினோம். அவள் ஊருக்குச் சென்றபோது அதனை எடுத்துச் சென்றாள். தாயார் என்ன சொல்வாரோ என்று இங்கு காத்திருந்தேன். நன்றி சொல்வார், ஒருவேளை கண்கலங்குவார் என்றெல்லாம் என் மனம் கற்பனை செய்தது. தோழி தொலைபேசியில் அழைத்தாள். தாயார் இரண்டு மிடறு குடித்துவிட்டு, கோப்பையை வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்து, மறுபடியும் ஒரு மிடறு குடித்தாராம்.

"வாசம் இருக்கு. சாயம்தான் பத்தாது" என்றாராம்.

பயின்ற சுவைஞர் எவரும் மறுக்க முடியாத தீர்ப்பு அது. மணம் மிக்க மலைநாட்டுத் தேயிலையின் சாயம் வெளிர்ந்தே இருக்கும். விரலுக்கு மட்டும் தெரிந்திருந்தது ஒரே நாளில் நாவிற்கும் தெரிந்துவிட்டது. இவ்வளவு காலமும் அதற்கு ஒரு கோப்பை கிடைக்கவில்லை, அவ்வளவே. இனி அவ்வீட்டிற்குச் சென்று தேநீர் அருந்தும்போது "எப்படி இருக்கு பாப்பா?" என்று அவர் கேட்டால், உள்ளதை உள்ளபடி கூறுவேன். அதன்பின், "உங்களுக்கு எப்படி இருக்கு அம்மா?" என்று நானும் கேட்பேன்.